எல்கடுவ மத்தியான பஸ்

மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் நான் உட்கார்ந்த இருக்கை புத்த பிக்குகளுக்கு உரியது. ஓட்டுநருக்குப் பின்னால், ஜன்னலோரமாகக் காலியாக இருந்தது. பஸ் முழுக்க ஆட்கள் நிற்கும்போது இந்த இடம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் காலி இருக்கையைப் பார்த்து யோசிப்பவர்களுக்கு இருக்கை கிடைப்பதில்லை.

கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். பின்னால் நின்ற அம்மா ஒருவர் தமிழில் சொன்னார்: "தங்கச்சி, அது ஹாமதுருமாருக்கு ஒதுக்குன சீட்டு. அவங்க ஏறுனா எந்திரிச்சிருங்க."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா இருக்கலாம். ஆனா யாரும் இருக்க மாட்டாங்க."

உட்காரலாம், ஆனால் உட்காருவதில்லை. எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. எழுந்து நின்றுகொண்டேன். மாத்தளை வரும்வரை அந்த இருக்கை காலியாகவே வந்தது.

நான் கோவையில் மசாலா மெஷின்கள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் இஞ்சினியர். என் அப்பாவும் அம்மாவும் வால்பாறையில் தேயிலை பறித்தவர்கள். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர்கள். அண்ணன் பத்தாவதோடு நின்றுவிட்டான். பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். கல்லூரிக்குப் போனதும், பாஸ்போர்ட் எடுத்ததும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

மாத்தளை ஊரைத் தாண்டி, அலுவிகாரையில், பெரிய ரோட்டின் ஓரத்தில் மிளகுக் கிட்டங்கி வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் எங்களிடம் மிளகு தரம் பிரிக்கும் மெஷின் வாங்கியிருந்தார். மெஷின் எனக்கு முன்பே கப்பலில் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் போய் அதை நிறுவ வேண்டும், ஓட வைக்க வேண்டும், ஓட்டுவதற்கு ஓர் ஆளைப் பொறுக்கிப் பழக்கிவிட்டு வர வேண்டும். "ஆளை நீயே பாத்து எடு. முதலாளி கைகாட்டுற ஆளை எடுத்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு அடுத்த மாசமே போன் வரும்," என்று மேலாளர் சொல்லி அனுப்பினார்.

ஹாஜியார் கிட்டங்கி வாசலில் நின்றார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்தார். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார்.

"வாங்க மகள். ஆம்பிளை ஒருத்தர் வருவாருன்னு நெனச்சீந்தேன். பரவாயில்ல. மெஷினுக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமா என்ன."

முதல் நாள் சாப்பாட்டிலேயே போனது. சோறு, கோழி, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல், கடைசியில் வட்டிலப்பம். ரசம் கேட்டேன். மஞ்சள் நிறத்தில் சொதி வந்தது. தேங்காய்ப்பால் இல்லாத பண்டம் இந்தத் தீவில் உண்டா என்று கேட்டதற்கு ஹாஜியாரின் மனைவி நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி" என்றார்.

சாப்பிட்டதும் ஹாஜியார் ரோட்டைக் காட்டிக் கதை சொன்னார். "என்ட மூத்தாப்பாட வாப்பா இந்த ரோட்டால வந்தவர் மகள். ரெண்டு பொதிமாடு, கொஞ்சம் உப்பு, கருவாடு. அவ்வளவுதான் சொத்து. அப்ப இதெல்லாம் காடு. வெள்ளக்காரன் கோப்பி போட வெட்டிட்டு இருந்தான். யாருக்கு என்ன செய்ய ஏலுமோ செய்யலாம். உப்பு வித்தார், அரிசி ஏத்தினார், கடை போட்டார். ஒருத்தனும் சர்ட்டிபிக்கட் கேக்கல்ல."

என் சான்றிதழ்களெல்லாம் உறைக்குள் போட்டு என் பையில்தான் இருந்தன. யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் கொண்டுவந்திருந்தேன். அந்தக் காலம் அவ்வளவு நல்ல காலமா என்று கேட்டேன்.

"நல்ல காலம்தான். பாருங்களே, எனக்கு ரெண்டு மகன். ஒருத்தன் கட்டார், மத்தவன் லண்டன். படிச்சிட்டானுங்க, பறந்துட்டானுங்க. கிட்டங்கிக்கு ஆளில்ல. அதுக்குத்தான் ஒங்கட மெஷின்."

பிள்ளைகள் பறந்துவிட்டதைப் பெருமையாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் மெஷினைத் தரையில் பூட்டினோம். கடப்பாரை கேட்டால் எல்லோரும் விழித்தார்கள், கையால் குத்திக் காட்டியதும் "அலவாங்கா?" என்று ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். பெல்ட் மாட்டி, மட்டம் பார்த்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஹாஜியாரே பட்டனை அமுக்கினார். கரண்ட் கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போல. தூசியை வெளியே இழுக்க வேண்டிய விசிறி எதிர்ப்பக்கம் சுற்றி, மொத்தத் தூசியையும் உள்ளே அடித்தது. தூசி அடங்கியபோது ஹாஜியார் தொப்பி முதல் சாரம் வரை மிளகு நிறத்தில் நின்றார்.

"மாஷா அல்லாஹ்," என்றார். "நல்லாத்தான் ஓடுது."

இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டதும் விசிறி ஒழுங்காகச் சுற்றியது. அந்தத் தும்மல்களுக்கு நடுவில் சத்தமாகச் சிரித்த ஒரே ஆள், மூலையில் சுளகில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த தர்ஷினி.

மெஷினுக்கு ஆள் எடுக்க ஹாஜியார் இரண்டு இளைஞர்களை வரச்சொல்லியிருந்தார். ஒருவன் அவருடைய மருமகன் முறை. இருவரும் எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பிறகு கைப்பேசியைப் பார்க்கப் போய்விட்டார்கள். தர்ஷினியை யாரும் கூப்பிடவில்லை. அவள் சுளகோடு எழுந்து வந்து தட்டின் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். இந்த மெஷினின் உயிர் அந்தச் சாய்வுத் தட்டுதான். அடியிலிருந்து காற்று வரும், தட்டு அதிரும், கனமான மிளகு ஒரு பக்கமும் பொக்கு மிளகு ஒரு பக்கமும் பிரியும்.

"மிஸ், கனமான மெளகு எப்புடி மேல் பக்கமா ஏறுது? லேசானதுதானே ஏறணும்? சுளகுல அப்புடித்தானே பறக்குது."

இந்த மெஷினை எத்தனையோ பேருக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறேன். வாங்கியவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. லேசான மிளகு காற்றில் மிதக்கிறது, தட்டு உதைக்கும்போது அதற்குப் பிடிமானம் இல்லை, அதனால் சரிந்து கீழே போகிறது. கனமானது தட்டைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் ஒவ்வோர் உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றேன். அவள் காற்றைக் குறைத்து, கூட்டி, தானே பார்த்துக்கொண்டாள். தட்டில் மிளகு பிரிவதை வீடியோ எடுத்து மேலாளருக்கும் அண்ணனுக்கும் அனுப்பினேன். அன்று மாலை ஹாஜியாரிடம் சொல்லிவிட்டேன்: இவள்தான் ஆள்.

அவருடைய முகம் கொஞ்சம் சுருங்கியது. "அது எல்கடுவ தோட்டத்துப் புள்ள. அங்க வேலை இல்லாத நாள்ல வந்து புடைக்கும். கெட்டிக்காரி. ஏ லெவலும் எழுதீக்கி. சரி, நீங்க சொன்னா சரி. ஆனா மகள், நீங்க போறதுக்குள்ள ஆள் நிலையா நிக்கோணும். இல்லாட்டி மருமகனத்தான் போடுவேன்."

தர்ஷினியிடம் சொன்னபோது அவள் கண்கள் மெஷினுக்குப் போய்த் திரும்பி வந்தன. "சரி மிஸ்" என்றாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அவளுக்குப் பதில் சிவகுமார் வந்தான். பலாபத்வலவில் சுற்றுலாக்காரர்களுக்கான வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் வேலை செய்பவன். மிளகு வாங்க அடிக்கடி வருவான். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். கிட்டங்கியில் எல்லோரும் அவனை டாக்டர் என்றார்கள். ஐந்து நிமிடத்துக்குள் என் மணிக்கட்டில் ஏதோ எண்ணெயைத் தேய்த்து, அதன் மகிமையை ஜெர்மனிலும் ரஷ்யனிலும் சொல்லிக்காட்டினான்.

"இந்த வேலைக்கு என்ன படிச்சிருக்கணும்?" என்றேன்.

"வாய் இருக்கணும் மிஸ். கோட்டை அவங்களே குடுத்துருவாங்க."

அவன் தர்ஷினிக்கு மச்சான் முறை. அவள் அம்மா அவனுக்கு அத்தை. "அவ வரமாட்டா மிஸ். இந்த மாசத்தோட அத்தை பென்சன். தோட்டத்துல அவ பேரைப் பதியப் போறாங்க. கொழுந்து எடுக்கப் போறா," என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டாவதுக்குச் சமமான ஏ லெவல் எழுதிய பெண், அந்தக் கேள்வியைக் கேட்ட பெண், கூடை தூக்கப் போகிறாளா? அவள் அம்மாதான் விடமாட்டேன் என்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்தக் கதையை வால்பாறையில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். நான் நேரில் போய்ப் பேசினால் தீர்ந்தது.

"நான் வந்து உங்க அத்தைகிட்ட பேசறேன்."

சிவகுமார் ஒரு மாதிரி சிரித்தான். "வாங்க. பேசுங்க. நானும் அத்தையப் பாத்து ரொம்ப நாளாச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனோம். அங்கே அதற்குப் பெயர் திரீவீல். மலை ஏற ஏற அது முனகத் தொடங்கியது. ஒரு வளைவில் நின்றேவிட்டது. ஓட்டுநர் சிங்களவர், இறங்கி, எங்கள் இருவரையும் எடைபோடுவதுபோல் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். சிவகுமார் மொழிபெயர்த்தான்: "ஒரு ஆளைத்தான் மலை தாங்குமாம். யாருன்னு நீங்களே முடிவெடுங்கங்கிறாரு." இரண்டு பேரும் இறங்கி நடந்தோம். வண்டி காலியாக எங்களுக்கு முன்னால் ஏறியது. மழை தூறியது. கால்விரல் இடுக்கில் அட்டை ஏறியது தெரியவில்லை. வால்பாறைக்காரி நான், அட்டையைப் பார்த்து அலறக்கூடாது. பிய்த்துப் போட்டுவிட்டு நடந்தேன்.

நடக்கும்போது ஹாஜியார் சொன்ன பொதிமாட்டுக் கதையைச் சொன்னேன். சிவகுமாருக்கும் அது தெரிந்திருந்தது.

"உண்மைதான் மிஸ். அதே ரோட்டுலதான் எங்க ஆளுங்களும் நடந்து வந்தாங்க. மாட்டோட வந்தவங்க கடைக்காரங்களாயிட்டாங்க. மாடா வந்தவங்க நாங்க."

"உங்க ஆளுங்களுக்கு எந்த வழியும் இருக்கலையே. கட்டிப்போட்ட மாதிரிதானே?"

"அப்புடித்தான் சொல்றாங்க. ஆனா எங்க தாத்தா வேற மாதிரி சொல்லுவாரு. ஒரு தோட்டத்துல கங்காணி தொல்லை தாங்கலன்னா, பொண்டாட்டி புள்ளையோட அடுத்த மலைக்கு ஓடிருவாங்களாம். புடிச்சா அடி. புடிக்கலன்னா அங்க உடனே வேலை. எங்கயும் ஆள் பத்தாது. வேலையோட காம்பராவும் குடுத்துருவாங்க." காம்பரா என்றால் லயத்து அறை, தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை. "இப்ப யாரும் புடிக்க மாட்டாங்க. போறேன்னா, போங்கன்னுதான் சொல்லுவாங்க. காம்பராவ மட்டும் எடுத்துக்குவாங்க."

அவன் வீட்டில் எல்லோரும் போய்விட்டார்கள். அவன் பலாபத்வலவுக்கு, அக்கா குவைத்துக்கு, அப்பா செத்துப்போனார். பெயர் பதிந்தவர் யாரும் இல்லாததால் அறை வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. இப்போது கடை ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருக்கிறான். "அந்தக் காலத்துல வர விட்டாங்க, போக விடல. இப்ப போக விடுறாங்க, திரும்பி வர விடல. அவ்வளவுதான் மிஸ் முன்னேற்றம்," என்றான். சொல்லிவிட்டு, மழையில் கோட்டு நனையக்கூடாது என்று கழற்றி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

என்னிடம் ஒரு பதில் இருந்தது. கல்வி என்று ஒரு சொல். அதை அத்தைக்காக வைத்திருந்தேன்.

லயத்தில் தர்ஷினி இல்லை; தண்ணீருக்குப் போயிருந்தாள். அவள் அம்மா எங்களை உள்ளே உட்காரவைத்தார். ஓர் அறை, பின்னால் குசினி. சுவரில் சாமி படங்களுக்கு நடுவே சின்ன மகளுடைய பள்ளி அட்டவணை ஒட்டியிருந்தது. அந்தச் சின்னப் பெண் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தேங்காய் போட்டுத் தட்டிய கோதுமை ரொட்டியும், மாசிக் கருவாடு இடித்த கட்டச் சம்பலும், பால் இல்லாத தேத்தண்ணியும் வந்தன. வால்பாறையில் விருந்தாளிக்குப் பால் இல்லாத டீ கொடுத்தால் அது சண்டைக்கு அர்த்தம். இங்கே அதுதான் மரியாதை. சம்பலின் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அம்மா என் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தார்.

சாப்பிட்டதும் ஆரம்பித்தேன். என் அம்மாவும் கூடை தூக்கியவர்தான். எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். படிப்பு இருந்ததால்தான் இன்று விமானத்தில் வந்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு அறிவு இருக்கிறது. நீங்கள் தடுக்கக்கூடாது. காலம் மாறிவிட்டது. நன்றாகத்தான் பேசினேன். சிவகுமார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா முழுக்கக் கேட்டார். கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேட்டியாடி? மிஸ் சொல்றதக் கேட்டியா? நான் ஒரு வாரமா அடிச்சிக்கிறேன்."

வாசலில் குடத்தோடு தர்ஷினி நின்றாள்.

"நான்தான் மிஸ் போ போங்கிறேன்," என்றார் அம்மா. "மெஷின் வேலைக்குப் போடி, நாங்க எப்புடியாச்சும் பாத்துக்குறோம்னு சொல்றேன். இவதான் கேக்க மாட்டேங்கிறா. நீங்க சொல்லுங்க. நல்லா சொல்லுங்க."

நான் வைத்திருந்த பேச்சு முழுவதையும் தவறான ஆளிடம் பேசி முடித்திருந்தேன்.

தர்ஷினி குடத்தை இறக்கினாள். "எப்புடிம்மா பாத்துக்குவீங்க? சொல்லுங்க. மிஸ்ஸும் கேக்கட்டும்."

"டவுன்ல ஒரு ரூம்பு எடுக்கலாம்."

"ரூம்பு எடுத்தா என் சம்பளம் ரூம்புக்கே சரி. இவ இந்த வருசம் ஓ லெவல். பரீட்ச நேரத்துல மூட்டை முடிச்சோட எங்க போறது? தம்பி கொழும்புல கடையில படுக்குறான். அவன் வந்து பேர் பதியுவானா?"

"அவன் வரமாட்டான்," என்றார் அம்மா மெதுவாக.

"பொறகு? யார் இருக்கா? நான் பேர் குடுத்தா இந்தக் காம்பரா நிக்கும். மெஷினு நல்ல மெஷினுதான் மிஸ். ஆனா அது எங்களைக் குடிவைக்காது."

சின்னப் பெண் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. தலையைத் தூக்காமல் இருக்க அவள் படும் பாடு எனக்குத் தெரிந்தது. நானும் அப்படி ஒரு கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன்.

தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். "அக்கா," என்றாள். அதுவரை மிஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒங்க அம்மாவும் தோட்டத்துலதானே இருந்தாங்க? அவங்க நின்ன பொறகு வீட்டுக்கு யார் பேர் குடுத்தா?"

"எங்க அண்ணன்."

"இப்பவும் அவருதானா?"

"ஆமா. தோட்டத்திலதான் இருக்கான்."

"அவருக்கு என்ன வேலைக்குப் போகணும்னு இருந்திச்சு?"

எனக்குத் தெரியாது. அப்பா இறந்து, அம்மாவுக்கு இடுப்பும் விழுந்த வருடம், ஆளில்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றார்கள். அண்ணன் பத்தாவதிலிருந்து நின்றான். நான் ஏழாவது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். நானும் அதைத்தான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையா, சொல்ல வசதியான ஒன்றா என்று அந்த அறையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இரண்டுமாக இருக்கலாம் என்றும் தோன்றியது.

"கேட்டதில்ல," என்றேன்.

தர்ஷினி அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. "கேட்டாலும் சொல்ல மாட்டாரு," என்றாள். தங்கச்சியின் நோட்டில் எட்டிப் பார்த்து, "மூணாவது பிழை," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

இறங்கும்போது மழை விட்டிருந்தது. எனக்கு எல்லாம் குழம்பிக் கிடந்தது. அந்தக் காலத்தில் யாருக்கும் வழியில்லை, இப்போது எல்லோருக்கும் இருக்கிறது என்றுதான் நான் படித்தேன், நம்பினேன், மேடையிலும் பேசியிருக்கிறேன். இங்கே மாடுகளோடு வந்தவருக்கு அன்றே வழி இருந்தது. நடந்து வந்தவருக்கு ஓட ஒரு மலையாவது இருந்தது. ஏ லெவல் எழுதியவளுக்கு மெஷின் இருக்கிறது, அதற்குப் போக முடியவில்லை. கோட்டுப் போட்ட டாக்டருக்கு நான்கு மொழி இருக்கிறது, போய்ப் படுக்கச் சொந்தமாக ஓர் அறை இல்லை. எனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. அது யாருடைய கணக்கில் வந்தது? சிவகுமாரிடம் கேட்டேன், இதில் யார் சுதந்திரமான ஆள் என்று. "திரீவீல்காரன்," என்றான். "நம்மள எறக்கிட்டு ஏறுனான் பாருங்க."

மறுநாள் காலை ஹாஜியாரிடம் தோற்றுவிட்டேன் என்று சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மதியம் தர்ஷினி வந்து நின்றாள். என்னிடம் பேசவில்லை. நேராக அவரிடம் போனாள்.

"ஹாஜியார், நான் பேர் பதியிறேன். காலையில மலைக்குப் போவேன். பகலோட கொழுந்து நிறுத்துட்டு எறங்கிட்டா அரைப்பேர்தான் போடுவாங்க." அரைப்பேர் என்றால் அரை நாள் வேலைக் கணக்கு. "அரைப்பேர் போட்டாலும் பதிவு நிக்கும்னு கணக்கப்புள்ள சொல்றாரு. மத்தியான பஸ்ஸ புடிச்சா இங்க வந்துருவேன். இருட்டுற வரைக்கும் மெஷின் ஓட்டுறேன்."

"காலையில மெஷின் சும்மா நிக்கிறதா?"

"காலையில மெளகு வெயில்லதானே காயுது ஹாஜியார். காயாத மெளகப் போட்டா தட்டுல ஒட்டும். மிஸ்ஸத்தான் கேளுங்க."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். என் பயிற்சி அட்டவணையில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை என்று போட்டிருந்தேன். எங்கள் நிறுவனத்தில் எல்லா ஊருக்கும் அப்படித்தான் போடுவோம். ஆனால் அவள் சொன்னது சரி. ஈரமிளகு ஒட்டும். "ஒட்டும்," என்றேன்.

"ஓரோர் நாள் பஸ் வராட்டி?"

"நடந்து வாறேன்."

"எல்கடுவயில இருந்தா? பைத்தியமா புள்ள." அவர் தாடியைத் தடவினார். "சரி. நாளைக்குப் பார்ப்பம். நாளைக்குப் பஸ்ல வந்து எறங்கினா மெஷின் ஒனக்கு. இல்லாட்டி மருமகனுக்கு. அவனும் ரெண்டு நாளா பட்டனையே பாத்துட்டு நிக்கிறான்."

மறுநாள்தான் மாத்தளையில் எனக்குக் கடைசி நாள். காலை முழுக்க வெயில் நன்றாக அடித்தது. முற்றத்தில் மிளகு கறுத்துச் சுருங்கியது. மதியம் எல்கடுவ பஸ் வரும் நேரத்துக்கு நான் ரோட்டோரம் போய் நின்றேன். ஹாஜியாரும் ஏதோ வேலையாக வந்தவர்போல் வந்து நின்றார். கண்டி பஸ் போனது. தம்புள்ளை பஸ் போனது. ஒரு லொறி, ஒரு பள்ளி வேன். எல்கடுவ பஸ் வரவில்லை. ஹாஜியார் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டார்.

"பிந்தும்," என்றார். என்னைத் தேற்றினாரா, அவரையே தேற்றிக்கொண்டாரா தெரியவில்லை. உள்ளே மருமகன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இந்த வேலைக்கு அவள் வரவேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு தவித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. வந்தால் என்ன கிடைக்கிறது? விடியலில் கூடை, மதியம் மெஷின், இருட்டில் கடைசி பஸ். இதற்குப் பெயர் வாய்ப்பா, இரட்டைச் சுமையா? வரவில்லை என்றால் அவளுக்கு நல்லதோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடம் வளைவில் ஹாரன் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கே இறங்கிவிட்டேன்.

தர்ஷினி முன்வாசல் வழியாக இறங்கினாள். கையெல்லாம் கொழுந்துக் கறை. கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது.

"மரம் விழுந்து கெடந்திச்சு," என்றாள். "எல்லாரும் எறங்கித் தள்ளினோம். பஸ்ல வந்த ஆம்பிளைங்க பாதிப் பேர் போட்டோதான் எடுத்தாங்க."

கிட்டங்கிக் குழாயில் கையையும் காலையும் கழுவினாள். மருமகன் விலகி நின்றான். அவள் காற்றைத் திறந்து, தட்டின் சாய்வைப் பார்த்து, ஒரு பிடி மிளகை மட்டும் போட்டாள். அது பிரிவதைப் பார்த்த பிறகுதான் மூட்டையை அவிழ்த்தாள். கனமான மிளகு மேல் பக்கமாக ஏறத் தொடங்கியது.

"மகள்," என்றார் ஹாஜியார் என்னிடம், மெஷினைப் பார்த்தபடியே. "இவட அரைநாள் எனக்குப் போதும். தோட்டத்துக்குப் போதுமான்னுதான் தெரியல்ல." எனக்கும் தெரியவில்லை. அரைப்பேர்க்காரியை எத்தனை மாதம் பொறுத்துக்கொள்வார்கள் என்று கணக்கப்பிள்ளையும் சொல்லவில்லையாம்.

விடைபெறும்போது தர்ஷினி கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். "அண்ணன்கிட்ட கேளுங்க அக்கா," என்று மட்டும் சொன்னாள். மெஷின் சத்தம் மாறுகிறதோ என்று காது அந்தப் பக்கமே இருந்தது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் உட்கார்ந்து அண்ணனை அழைத்தேன். அவன் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருந்தான். பின்னால் பெண்கள் சண்டைபோடும் சத்தம் கேட்டது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணா, நீ என்னவா ஆகணும்னு இருந்தே?"

"எப்போ?"

"பத்தாவது படிக்கிறப்ப."

"அது எதுக்கு இப்ப? மெஷின் ஓடுச்சா?"

"ஓடுது."

"மோட்டார் எத்தனை ஹெச்.பி.?"

"மூணு."

"மூணுதானா? விசிறிக்கும் தட்டுக்கும் அதே மோட்டாரா, தனித்தனியா?"

"தனித்தனி."

"பெல்ட்டா?"

"பெல்ட்டுதான்."

"சரி, நீ அனுப்பின வீடியோவைப் பாத்தேன். நாலஞ்சு தடவை பாத்தேன்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள். "கனமான மிளகு எப்படி மேல் பக்கமா ஏறுது? லேசானதுதானே ஏறணும்?"

விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்து முண்டியடித்தார்கள். நான் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.